மறுபடியும் முதல் தடவை

'நெடுவெளி' தொடரில் யார் எப்போது என்ன பேசுவார்கள் என்பது நல்லசிவத்துக்கு நடித்தவர்களைவிட நன்றாகத் தெரியும். திரையில் கேப்டன் அறவாழி வாயைத் திறப்பதற்கு அரை நொடி முன்னால் ஈரோட்டில் இவர் வாய் திறந்துவிடும். ஐம்பத்திரண்டு எபிசோடையும் பத்துத் தடவை முழுசாகப் பார்த்த மனிதர் வேறு எப்படி இருப்பார்? பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் மனைவி ரேணுகாதேவி, எந்தக் குரல் டிவியிலிருந்து வருகிறது, எது சோபாவிலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதை விட்டுப் பல வருடமாகிவிட்டது.

பதினோராவது தடவை பாதியில் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார். "ஒண்ணுமே தோணல ரேணு. அந்தக் கலம் கிளம்புறப்ப முன்னாடியெல்லாம் மயிர்க்கால் நட்டுக்கும். இப்ப கடை ஷட்டரைத் தூக்கற மாதிரி இருக்குது. அடுத்து என்னன்னு தெரியாம ஒரே ஒரு தடவ பாக்கணும்."

அதற்கும் வழி வந்துவிட்ட காலம் அது. மெல்போர்னில் இருக்கும் மகள் போனில் கேட்டாள்: "அப்பா, உங்க அறுபதுக்குத் திருக்கடையூர் போயி மாலை மாத்திக்கறீங்களா, இல்ல கோயமுத்தூர்ல புதுவிழி நிலையத்துல பேரு குடுத்துரட்டுமா?" நல்லசிவம் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் பட்டுப் புடவையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தது வீணாய்ப் போனது. இவர் ஒரு டிவி தொடரை மறப்பதற்காக கோவைக்குப் போக நாள் குறித்துவிட்டார்.

நாள் நெருங்க நெருங்க ரேணுகாவுக்குச் சோறு இறங்கவில்லை. கணவருக்கு மூளையில் ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவளும் ஆமாம் என்று சொல்லிவைத்தாள். உண்மைப் பயம் வேறு.

புதுவிழி நிலையத்தின் டாக்டர் பெனசிர் சின்ன வயதுக்காரி. அவசரமில்லாமல் பேசினாள். "ஒரு தொடரைப் பார்த்த ஞாபகம் மூளைல தனி டப்பால இருக்காதுங்க. அன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க, யார்கூட சண்டை போட்டீங்க, எல்லாம் அதுகூடப் பின்னிக் கிடக்கும். நாங்க கதையை மட்டும் உருவி எடுக்கணும்."

"எப்படிங்க உருவுவீங்க?" என்றார் நல்லசிவம், ஆர்வம் தாங்காமல்.

"உங்களை அரைத்தூக்கத்துல வச்சு ஒவ்வொரு எபிசோடா ஞாபகப்படுத்துவோம். மனசுல வர்றதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுவீங்க. வெறும் கதையா இருந்தா மெஷின் அதுவே அழிச்சிரும். சொந்த வாழ்க்கை கலந்திருந்தா ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அப்பத்தான் துணைக்கு வந்தவங்க வேலை." பெனசிர் ரேணுகா பக்கம் திரும்பினாள். "உங்க கையில ஒரு பட்டன் இருக்குங்கம்மா. இருபது செகண்ட் நீங்க சும்மா இருந்தீங்கன்னா கதையை மட்டும் எடுத்துட்டு மத்ததை விட்டுரும். அழுத்தினா அந்த ஞாபகமே முழுசாப் போயிரும்."

"அதை எதுக்குங்க அழுத்தோணும்?"

"சில பேரு முன்னாடியே வீட்டுல சொல்லி வச்சிருப்பாங்க. எங்கப்பா செத்த அன்னிக்கு இதுதான் ஓடிட்டிருந்துச்சு, அதுவும் சேர்ந்து போகட்டும்னு. அந்த மாதிரிக்குத்தான். சந்தேகமா இருந்தா அழுத்தாதீங்க. போனது திரும்பி வராது."

ரேணுகா மெதுவாகக் கேட்டாள். "அவரு பேசறது உங்களுக்குக் கேக்குமுங்களா?"

"இல்லீங்கம்மா. நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பேன். உங்க ஹெட்போன்ல மட்டுந்தான் கேக்கும். வீட்டு விஷயம் எங்களுக்கு எதுக்கு? பதிவும் பண்ண மாட்டோம்."

இதைக் கேட்டதும் அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். பயம்தான் கூடியது.

என்ன விஷயம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடத்துக்கு முன்னால் நல்லசிவம் ஒரு பிளக்ஸ் கடையில் சம்பளத்துக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். கல்யாணமாகி ஒரு வருடம். பெங்களூரில் ஒரு அனிமேஷன் கம்பெனிக்கு மூன்று நாள் ராப்பகலாக வரைந்து அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். ஒருநாள் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் அழைப்பு வந்தது. எடுத்தவள் ரேணுகா. உங்கள் கணவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், அடுத்த வாரமே வந்து சேர வேண்டும் என்றார்கள். அவளுக்கு அப்போது நான்காவது மாதம். மின்சார அலுவலகத்தில் வேலை நிரந்தரமாகி இருபது நாள்கூட ஆகவில்லை. "அவரு வேற வேலைக்கு ஒத்துக்கிட்டாருங்க, வரமாட்டாரு," என்று சொல்லிவிட்டு, வந்த நம்பரையும் போனிலிருந்து அழித்துவிட்டாள். எதற்காகச் செய்தாள் என்று கேட்டால் வேலை, பிள்ளை என்று ஆயிரம் சொல்லலாம். பயத்தில் செய்தாள், அவ்வளவுதான். அங்கே போய் அவர் பெரிய ஆளாகிவிட்டால் தான் யாராக இருப்போம் என்ற பயம்.

ஏழு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு 'நெடுவெளி'யின் முப்பத்தொன்றாம் எபிசோட் வந்தது. புதிய விண்கலப் படைக்குத் தலைமை ஏற்கச் சொல்லி பூமியிலிருந்து கேப்டன் அறவாழிக்கு அழைப்பு வருகிறது. அவர் போய்விட்டால் இந்தக் கலமே அனாதையாகிவிடும் என்று பயந்த ரேடியோ அதிகாரி எழினி அந்தச் செய்தியை அழித்துவிடுகிறாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ரேணுகாவால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நல்லசிவம் பெங்களூருக்குப் போன் செய்தார். அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டாகிவிட்டது என்றார்கள்.

அதன்பின் முப்பது வருடத்தில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. குத்திக் காட்டியதில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய தொல்லை. ஏதாவது கார்ட்டூன் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அவர் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தால்கூட இவளுக்கு உள்ளே திக்கென்று இருக்கும். மன்னித்தாரா, மறந்தாரா, மனதுக்குள் பூட்டி வைத்திருக்கிறாரா என்று தெரியாமலே தலை நரைத்துவிட்டது.

அறைக்குள் நல்லசிவம் தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு சாய்ந்து படுத்தார். படுப்பதற்கு முன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "ரேணு, எழுந்திரிச்சதும் முடிவை மட்டும் சொல்லிப்போடாதே."

முதல் எபிசோடின் இசை ஒலித்தது. அரைத்தூக்கத்தில் அவர் குரல் குழைந்து, வேறு யாரோ பேசுவதுபோல ஹெட்போனில் வந்தது. கலம், கேப்டன், வால்மீன். விளக்கு எரியவில்லை. நாலாவது எபிசோடில் எரிந்தது. மழை பெய்து கேபிள் போய்விட்டதாம், இருவரும் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்களாம். ரேணுகா பட்டனிலிருந்து விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இருபது நொடி போனது. அந்த மழை அவரிடமே இருந்தது. இப்படிப் பதினைந்து, இருபது விளக்குகள். எதையும் அவள் தொடவில்லை. இவ்வளவு வருடம் கழித்து அந்த ஞாயிற்றுக்கிழமைகளை அவர் வாயாலேயே கேட்பது சுகமாகக்கூட இருந்தது.

முப்பத்தொன்று வந்தது.

"எழினி அழிச்சுட்டா..." என்று தொடங்கிய குரல் நின்றது. மஞ்சள் விளக்கு எரிந்தது. "ரேணு அழுகறா. என்னென்னமோ சொல்றா. பெங்களூர்ல கூப்பிட்டாங்களாம். அவதான் வேண்டாம்னுட்டாளாம். போன் பண்ணுனேன், வேற ஆளைப் போட்டுட்டாங்களாம். எங்கே இவளை அடிச்சிருவனோன்னு பயமா இருக்குது. கடையிலயே படுத்துக்கறேன். வீட்டுக்குப் போகல."

எதிரே ஓர் எண் குறைந்துகொண்டு வந்தது. பதினான்கு. பதின்மூன்று. ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். ஒன்றும் செய்யாமல் இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அவர் கண்ணில் அப்பழுக்கில்லாதவளாக ஒரே ஒரு நாளாவது இருந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது. யாரும் பார்க்கவில்லை. யாருக்கும் கேட்கவில்லை. அவருக்கும் இது நல்லதுதானே, இந்த வலியை எதற்கு அவர் சுமக்க வேண்டும் என்று மனசு வக்கீல் வேலை பார்த்தது. நான்கு என்ற எண் தெரிந்தபோது அழுத்திவிட்டாள்.

உடனே முப்பத்திரண்டாம் எபிசோடின் இசை. மறுபடி விளக்கு.

"ஞாயித்துக்கிழமை. வீட்டுக்கு வந்துட்டேன். பாட்டுப் போட்டுட்டாங்க. அவ அடுப்படியிலயே நிக்கறா, வெளிய வரல. வயிறு கொஞ்சம் பெருசாத் தெரியுது. கோவம் இருக்குது. ஆனா தனியாப் பாக்கப் புடிக்கல. இவ இல்லாம எதையும் பாக்கப் புடிக்கலன்னு அப்பத்தான் தெரியுது. 'வா ரேணு, ஆரம்பிச்சிருச்சு'ன்னு கூப்பிட்டேன். வந்து உக்காந்தா. அதோட அதை விட்டுட்டேன்."

ரேணுகா வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பது வருடமாக அவள் கேட்க நினைத்து பயந்த கேள்விக்குப் பதில் இவ்வளவுதான், ஒரு வாரத்திலேயே அவர் அதை விட்டிருக்கிறார். ஆனால் குற்றம் போய்விட்ட மண்டையில் மன்னிப்பு மட்டும் எதற்கென்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தால் மனிதர் குழம்பிப் போவாரே. கண்ணாடிக்கு அப்பால் பெனசிர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எண் ஒன்றுக்கு வந்தபோது ரேணுகா இதையும் அழுத்தினாள்.

ஊர் திரும்பும்போது காரில் நல்லசிவம் பள்ளிக்கூடச் சுற்றுலா போகிற பையன்போல உற்சாகமாக இருந்தார். தனக்கு ஒரு தொடர் மிகவும் பிடிக்கும் என்பது மட்டும் தெரிந்தது, அதில் என்ன நடக்கும் என்பது துளியும் தெரியவில்லை. ஞாபகம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லி பெனசிர் கொடுத்த கேள்விகளை ரேணுகா ஒவ்வொன்றாகக் கேட்டாள். கல்யாணத் தேதி, மகள் பிறந்த ஆஸ்பத்திரி, சொந்தமாகப் பேனர் கடை ஆரம்பித்த வருடம் எல்லாம் சரி. பிறகு தாளில் இல்லாத ஒன்றை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பெங்களூர் வேலைக்குப் படம் வரைஞ்சு அனுப்புனீங்களே, அது என்னாச்சுங்க?"

அவர் நெற்றியைச் சுருக்கினார். எதையோ தேடுவதுபோலக் கொஞ்ச நேரம் ஆனது. "அதா? எடுக்கல. பதிலே போடல. நம்ம படம் அவங்க தரத்துக்குப் பத்தலயாட்ட இருக்குது."

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

பழையபடி ஞாயிறு பதினோரு மணிக்கு வாரம் ஓர் எபிசோட் என்று நல்லசிவமே சட்டம் போட்டார். முதல் வாரங்கள் கொண்டாட்டமாகப் போயின. வால்மீன் வந்தபோது சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். அதே சமயம், முன்பெல்லாம் யாரும் குறை சொன்னால் சண்டைக்குப் போகிறவர் இப்போது தானே சிரித்தார். "ரேணு, அந்த எஞ்சினைப் பாரு. பால் கேனுக்கு வெள்ளிக் காகிதம் சுத்தியிருக்கறாங்க." அடுத்த வசனம் தெரிந்தவள் இப்போது ரேணுகா ஒருத்திதான். திரையில் பேசுவதற்கு முன்னால் தன் உதடுகள் அசைவதை உணர்ந்து வாயை இறுக்கிக்கொண்டாள்.

பதினைந்தாவது வாரம்போல ஒரு மதியம் சாப்பாடு கொண்டு கடைக்குப் போனாள். கோயில் திருவிழா பேனருக்கு வந்திருந்த ஒருவர், அம்மன் முகத்துக்குப் பின்னால் ஊதாவும் ரோஸும் கலந்து அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்லசிவத்திடம் இப்படிக் கேட்டவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு போவதுதான் இத்தனை வருட வழக்கம். அந்த ஊர் பேனர்களிலேயே எட்ட நின்று படிக்க முடிகிற பேனர் அவர் கடையுடையது என்ற பெயரும் அப்படி வந்ததுதான்.

"வச்சரலாமுங்க," என்றார் நல்லசிவம்.

வந்தவர் போனதும் ரேணுகா கேட்டாள். "ஏனுங்க, அந்தக் கலரு நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்காது. ஆனா நாம என்ன பெரிய ஓவியனா? அவங்க கேக்கறதைப் போட்டுக் குடுத்துட்டுப் போலாம். ஒரு கம்பெனிகூட திரும்பிப் பாக்காத கை இது." அதைச் சோகமாகக்கூடச் சொல்லவில்லை. டிபன் கேரியரைத் திறந்துகொண்டே சொன்னார்.

ரேணுகாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து பெனசிருக்குப் போன் போட்டாள். தெரிந்தவர் ஒருவருக்கு என்று சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"ஞாபகத்துல ஓட்டை விழுந்தா மூளை அதைச் சும்மா விட்டு வைக்காதுங்கம்மா," என்றாள் பெனசிர். "பக்கத்துல இருக்கற துணியை இழுத்துத் தச்சிரும். ஒருத்தர் ஒரு இடத்துக்குப் போகலைங்கறது ஞாபகம் இருக்கும், ஏன் போகலைங்கறது இருக்காதுன்னு வையுங்க. தானே ஒரு காரணம் கண்டுபிடிச்சு நம்பிக்கும். பெரும்பாலும் தன் மேலயேதான் பழியைப் போட்டுக்கும்."

"அதை மறுபடி சரி பண்ண..."

"எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாதுங்க. யாராவது எடுத்துச் சொல்லலாம். ஆனா அது அவருக்குப் பழைய சேதியா இருக்காது, இன்னிக்கு நடந்த மாதிரிதான் விழும்." பிறகு கேட்டாள். "நீங்க அன்னிக்கு எதையாவது அழுத்துனீங்களாம்மா?"

"இல்லீங்க," என்றாள் ரேணுகா.

பிறகு வாரங்கள் போனது அவளுக்கு நரகமாக இருந்தது. இருபது, இருபத்தைந்து, இருபத்தெட்டு என்று எபிசோட் எண் ஏறியது. அவர் கடையில் எதற்கும் தலையாட்டினார். வீட்டில் எப்போதாவது பேப்பர் ஓரத்தில் எதையாவது கிறுக்குகிற பழக்கம்கூட நின்றுவிட்டது. இத்தனை நாளும் அவரைத் தாங்கிப் பிடித்தது அந்தக் காயம்தான் என்று அவளுக்கு மெல்லப் புரிந்தது. தான் தேர்வான ஆள் என்பதை அவர் ஒருநாளும் மறக்கவில்லை, அந்தத் தெம்பில்தான் ஊரையே அதட்டிப் படம் வரைந்திருக்கிறார். அவள் தன் அழுக்கைத் துடைக்கப் போய் அவர் ஓவியத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டாள்.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தாள். ஆனால் அப்போது இருபத்தொன்பது வயதுக்காரர், எதிரே வயிறும் பிள்ளையுமாக நின்றவளை மன்னித்தார். இப்போது அறுபது. முழு வாழ்க்கையும் போனபின் கேட்கப் போகிறார், அதுவும் அவர் தலைக்குள் கைவிட்டு அவள் இரண்டாவது தடவையாகத் திருடிய கதையோடு சேர்த்து.

முப்பத்தொன்றாம் ஞாயிறு. உடம்பு சரியில்லை, இன்று வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். "உக்காந்து பாக்கறக்கு உடம்பு என்னத்துக்கு? வா," என்று பக்கத்தில் இடம் விட்டார்.

பூமியிலிருந்து செய்தி வந்தது. எழினி அதைப் படித்தாள், சுற்றிலும் பார்த்தாள், அழித்தாள். நல்லசிவம் "அடிப் பாவி" என்றார். ரேணுகா முந்தானையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டாள். கடைசிக் காட்சியில் கேப்டனுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. அவர் எழினியின் முன்னால் வெகுநேரம் நிற்கிறார். பிறகு, "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு உன் ஷிஃப்ட். லேட்டா வராதே," என்று சொல்லிவிட்டு நடக்கிறார். இசை வந்தது. பெயர்கள் ஓடின.

ரேணுகா நல்லசிவத்தைப் பார்த்தாள். அவர் என்ன சொன்னாலும் அது தனக்கான தீர்ப்பு என்று அவளுக்குத் தோன்றியது. கேப்டன் விட்டது சரி என்பாரா, விட்டிருக்கக் கூடாது என்பாரா? முதல் தடவைக்குப் பிறகு எப்போது பார்த்தாலும் இந்த இடத்தில் அவர் பேசாமல் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார்.

"அந்த கேப்டன் குடுத்து வச்சவன் ரேணு," என்றார்.

"ஏனுங்க?"

"போக முடியலைன்னா என்ன, கூப்பிட்டாங்கன்னு தெரிஞ்சுதில்ல." டிவியை அணைத்தார். லேசாகச் சிரித்தார். "பெங்களூர்க்காரன் ஒரு பதில் போட்டு, அதை நம்மகிட்ட இருந்தும் இப்படி யாராச்சும் மறைச்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும். கோவப்பட்டிருப்பேன், கத்தியிருப்பேன். ஆனா மனசுக்குள்ள ஒரு ஓரத்துல சந்தோஷமா இருந்திருப்பேன். சரி விடு. டீ போடறேன், உனக்கும் வேணுமா?"

அவர் எழுந்துவிட்டார். சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிறு அவர் தன்னை 'வா' என்று கூப்பிடுவாரா என்பது ரேணுகாவுக்குத் தெரியாது. ஐம்பத்திரண்டு எபிசோடும் மனப்பாடமாகத் தெரிந்தவளுக்கு இனி அடுத்து என்ன வரும் என்பது ஒன்றுகூடத் தெரியாது. எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"டீ அப்பறம் போடலாமுங்க. உக்காருங்க."

"என்ன ரேணு, கையெல்லாம் சில்லுனு இருக்குது?" உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"உங்களைக் கூப்பிட்டாங்க," என்றாள்.